ஒரு முறம் தவிடு

எங்க ஊட்டுக்காரர் ஜம்புலிங்கத்துக்கு மெட்ராஸ்னா மாமியார் ஊடு மாதிரி. கத்திரிக்கா மூட்டைய வண்டியில ஏத்திகினு கொத்தவால்சாவடி வரைக்கும் போய்ட்டு வந்த ஆளு, அவ்ளோதான். அதுக்கே, கப்பலு எப்டி நிக்கும், ஐகோர்ட்டு உச்சியில கலங்கர வெளக்கு எப்டி சுத்தும்னு எங்க ஊரு பாரிவாக்கத்துல பாக்கறவங்ககிட்டல்லாம் அளந்துகினு கெடப்பாரு. அந்த வருசம் காணும் பொங்கலுக்கு, "புள்ளைங்களுக்குக் கப்பல் காட்டணும்மே, கெளம்பு"ன்னாரு. நான் மாட்டேன்னேன். மாட்டேன்னா உடற ஆளா அது.

எனக்கு பயம். அந்த பயம் அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி கீறதுதானே ஆம்பளைங்களுக்கு வசதி.

எங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் துலுக்கானம், அஞ்சு வயசு முடியப் போவுது. சின்னது ராணி, இடுப்ப உட்டு எறங்காத பொண்ணு. துலுக்கானத்துக்கு முன்னாடி மூணு ஆம்பளப் புள்ளைங்களப் பெத்து, மூணையும் ஏரிக்கரை மண்ணுக்குக் குடுத்துட்டவ நான். மூணும் நல்லா கொழுகொழுன்னு வந்த புள்ளைங்க. தவழும், குந்தும், "அம்மா"ன்னு வாயத் தொறக்கும். அத்தோட சரி. கொஞ்ச நாள்ல ஜொரம் வந்து வாரிகினு போயிடும். மூணாவது புள்ள வாயில அந்த வார்த்தை வந்த அன்னிக்கு நான் சந்தோசப்படல. அடுப்பாண்ட குந்திகினு அழுதேன்.

துலுக்கானம் வயித்துல கீறப்ப, துலுக்கானத்தம்மன் கோயில்ல ஒரு பொம்பள எனக்குக் குறி சொன்னா. "பொறக்கறத வித்துடு. எம்புள்ளன்னு உன் வாயால சொல்லாத. அம்மான்னு அது வாயால கூப்புட உடாத. தேடிகினு வர சாவு, இது வேற யாரு ஊட்டுப் புள்ளையோன்னு திரும்பிப் பூடும்"னா.

யாருக்கு விக்கறது? பூந்தமல்லியில நான் தயிர் ஊத்தற ஊடு பஷீருதீன் சாயபு ஊடு. அவுரு சம்சாரம் அஷ்ரஃபுன்னிசா, நான் பீபிம்மான்னு கூப்புடுவேன், வரிசையா பெத்து ஒண்ணக்கூட பறிகுடுக்காத மகராசி. அவங்கதான் வில்வண்டியில படுதா கட்டிகினு வந்து, ஒரு முறம் தவிட்ட எங்க வாசல்ல கொட்டி, புள்ளைய மடியில வாங்கிகினாங்க. நெத்தியில ஒரு முத்தம் குடுத்துட்டு எங்கிட்டயே திருப்பி நீட்டினாங்க. "கன்னியம்மா, இது என் புள்ள. எனக்காக நல்லா வளத்துக் குடு"ன்னாங்க. அந்த ஒரு முறம் தவிட்டுலதான் என் புள்ளையோட உசிரு கீதுன்னு நான் அன்னிலேருந்து நம்பிகினு கீறேன்.

அப்பறம் நான் அவனுக்கு அத்தை, இவரு மாமா. "நீ யாரு புள்ளடா"ன்னு எவன் கேட்டாலும், "பூந்தமல்லி அஷ்ரஃபுன்னிசாம்மா புள்ள"ன்னு சொல்லணும். பேச்சு வரும்போதே சொல்லிக்குடுத்துட்டேன். "மாத்திச் சொன்னா இன்னா ஆவும்"னு ஒருநாள் கேட்டான். "சாவு காதுல உழுந்துடும், உன்னத் தூக்கிகினு பூடும்"னேன். அதுக்கப்பறம் அவன் கேக்கவேயில்ல.

ராணிக்கு இந்தக் கட்டுப்பாடு ஒண்ணியும் கெடயாது. போனது மூணும் ஆம்பளைங்கதானேன்னு அவள அப்டியே உட்டாச்சி. அது நாள்பூரா "அம்மா அம்மா"ன்னு என் உசிர வாங்கும். அவன் பக்கத்துல குந்திகினு அது வாயையே பாத்துகினு கீப்பான். அந்தப் பார்வைய மட்டும் என்னால தாங்க முடியாது. எழுந்து போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன்.

சரி, கெளம்பியாச்சி. மொத நாளு துலுக்கானத்தக் கூட்டிகினு பீபிம்மா கிட்ட சொல்லிக்கப் போனேன். அவங்க வருசா வருசம் பொங்கலுக்கு அவனுக்குத் துணி எடுத்து வெப்பாங்க, தாயாச்சே. அந்தத் தபா பச்ச சொக்கா, ஜரிகை போட்ட குல்லா. குல்லாவ மாட்டி உட்டு, "பட்டணம் பெருசு கன்னியம்மா, என் புள்ள கைய உட்டுடாத"ன்னாங்க. கெணத்தாண்ட பொம்பளைங்க வேற என் வயித்துல நெருப்பக் கொட்டினாளுங்க. ஆர்பர்ல புள்ள புடிக்கறவன் சுத்திகினு கீறானாம், தனியா கீற புள்ளைங்கள ரங்கோன் கப்பல்ல ஏத்திடுவானாம். "அதெல்லாம் கதைம்மே"ன்னு இவரு சிரிச்சாரு. ராணி நைனாவுக்கு இன்னா, சிரிக்கறதுக்குக் காசா பணமா.

விடியக்காலையில வண்டி கட்டி ஆவடி டேஷனுக்குப் போயி ரயிலு ஏறினோம். எள்ளு போட எடமில்ல, அம்புட்டு கூட்டம். அம்பத்தூரு, வில்லிவாக்கம்னு ஒவ்வொரு டேஷன்லயும் இன்னும் ஏறிகினே கீறாங்க. ராணி ஒரு தொடையில, அவன் ஒரு தொடையில. பேசின் பிரிட்ஜாண்ட ஒரு இரும்புப் பாலம் வந்துது. ரயிலு அதுமேல ஏறினதும் தடதடன்னு ஒரே சத்தம், காது அடச்சிப் போச்சி. துலுக்கானம் என் மூஞ்சிக்கு நேரா வாயத் தொறந்து ஏதோ சொன்னான். எனக்கு ஒண்ணும் கேக்கல. பாலம் தாண்டினதும், "அத்தை, நான் இன்னா சொன்னேன் சொல்லு"ன்னான்.

"கேக்கலையேடா."

"யாருக்குமே கேட்டிருக்காதா?"

"அந்த சத்தத்துல எமனுக்கே கேக்காது"ன்னு வாய்தவறிச் சொல்லிட்டு நாக்கக் கடிச்சிகினேன். அவன் மட்டும் தனக்குத்தானே சிரிச்சிகினான்.

சென்ட்ரல்லேருந்து நடந்துதான் போனோம். ஊரு ஒலகமே அங்கதான் கீது. ஐகோர்ட்டாண்ட வண்டிங்க அவுத்துப் போட்டு, ஜனங்க மரத்தடியில புளிச்சோறு அவுத்துத் தின்னுகினு கீறாங்க. நான் அவன் கையப் புடிச்ச புடியில என் வெரலே மரத்துப் போச்சி. "அத்தை, வலிக்குது"ன்னான். "வலிக்கட்டும்"னேன். எவனாவது ஒருத்தன் ரெண்டாந்தபா எங்களத் திரும்பிப் பாத்தா, இவன்தான் புள்ள புடிக்கறவன்னு தோணும். தாடி வெச்சவன், மூட்ட தூக்கறவன், பஞ்சுமிட்டாய் விக்கறவன், ஒருத்தனையும் நம்பல.

ஆர்பராண்ட கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கப்பலு நின்னுகினு கீது. எங்க ஊட்டுக்காரரு அளந்தது பொய்யில்ல, அத்த ஒத்துக்கணும். கறுப்பா, பெருசா, ஊரையே அடச்சிகினு.

"அத்தை, அது ஊடா?"ன்னான்.

"கப்பல்டா."

"எங்க போவும்?"

"எங்கியோ போவும், நமக்கின்னாத்துக்கு." ரங்கோன்ற பேர என் வாயால சொல்ல மனசு வரல.

இவரு முறுக்கு வாங்கியாறேன்னு அப்பால போனாரு. அங்கதான் வேலி ஓரமா ஒரு வளையக்காரி கூடைய எறக்கி வெச்சிகினு குந்தியிருந்தா. முத்தம்மான்னு பேரு, அப்பறம் தெரிஞ்சிது. கண்ணாடி வளையலப் பாத்ததும் ராணி என் இடுப்புல கெடந்து குதிக்கறா. சரி, ஒரு ஜோடி போட்டு உடலாம்னு குந்தினேன். வளையக்காரி ராணிய உட்டுட்டு அவனப் பாத்தா.

"யாரும்மா, உன் புள்ளையா? இன்னா கண்ணு, இன்னா மூக்கு. ராசா மாதிரி கீறான்."

திருநாளும் அதுவுமா, ஜனம் ஜாஸ்தியா கீற எடத்துல, பளிச்சுனு உன் புள்ளையான்னு கேட்டுட்டா. "எம்புள்ள இல்லம்மா. பூந்தமல்லியில ஒருத்தங்க புள்ள, கூட்டியாந்தேன், அவ்ளோதான்"னேன். சொன்னது பத்தாதுன்னு, எனக்கும் அவனுக்கும் ஒட்டு ஒறவே இல்லன்னு காட்டறாப்புல, காலையிலேருந்து புடிச்சிகினு வந்த கைய உட்டேன். நானேதான் உட்டேன். ராணி கைய வளையக்காரி கிட்ட நீட்டினேன்.

அப்பதான் கப்பலு ஊதுச்சி. அப்டி ஒரு சத்தத்த நான் என் ஜென்மத்துல கேட்டதில்ல. வேலியாண்ட கீற ஜனம்லாம் அந்தப் பக்கம் சாஞ்சிது, பின்னாடி கீறவங்க முன்னாடி வந்து மோதினாங்க. வளையக்காரி கூடைய அணச்சிகினு எழுந்தா. நான் ராணிய மார்ல அமுக்கிகினு திரும்பறேன், அவன் நின்ன எடத்துல வேற யாரோ ஒருத்தன் நிக்கறான்.

பச்ச சொக்காவத் தேடறேன். அங்க ஒரு பச்ச, ஓடிப் போயி பாத்தா பொண்ணு. இங்க ஒரு பச்ச, அது யாரோ கெழவன் துண்டு. "துலுக்கானம், துலுக்கானம்"னு தொண்ட கிழியக் கத்தறேன். ஒரு புண்ணியவதி என் தோளத் தொட்டு, "யாரத் தேடறம்மா, உன் புள்ளையா"ன்னா. ஆமான்னு சொல்ல வாயி வரல. "பச்ச சொக்கா, ஜரிகை குல்லா, இம்மாத்தூண்டு பையன்"னு மட்டும் சொன்னேன். யாரு புள்ளன்னு சொல்லாம ஒரு புள்ளையத் தேடறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சிது.

இவரு முறுக்கோட வந்தாரு. வந்த ஆளப் புடிச்சி நான் உலுக்கின உலுக்குல முறுக்கு மண்ணுல கொட்டிச்சி. "கப்பல் காட்டறேன்னியே, காட்டிட்டியா, போயித் தேடுய்யா"ன்னேன். ஊட்டுக்காரர வா போன்னு பேசினது அன்னிக்கி ஒருநாள்தான். அவுரு மூஞ்சி வெளுத்துப் போச்சி. "நான் கப்பலு வாசலாண்ட போயி மறிக்கறேன், ஐகோர்ட்டாண்ட பொலீஸ் கொட்டா போட்டுகீறாங்களாம், காணாம போன புள்ளைங்கள அங்கதான் வெப்பாங்களாம், நீ அங்க ஓடு"ன்னுட்டு வேட்டிய மடிச்சிக் கட்டிகினு ஓடினாரு. எல்லாம் கதைம்மேன்னு சிரிச்சவரு கப்பல மறிக்க ஓடறாரு.

நான் ஓடினேன். பின்னாடி கப்பலு மறுபடி ஊதுச்சி. கெளம்பிடுச்சோ, உள்ள எங்கியாவது அவன் குந்திகினு கீறானோ, யாராவது வாயப் பொத்திகினு கீறானோன்னு நெனப்பு கண்டபடி ஓடுது. அப்பறம் இன்னொரு நெனப்பு. அவன் கைய உட்டது நானுதான். சாவத்தான ஏமாத்தணும்னு நெனச்சேன், இப்ப புள்ளையே நம்பிடுச்சோ, எனக்கு யாருமில்லன்னு நெனச்சிகினு நடந்து பூட்டானோ.

கொட்டாயில சிவப்புத் தலப்பாவோட ஒரு பொலீஸ்காரரு பெஞ்சுமேல குந்தியிருந்தாரு. பக்கத்துல தரையில கொஞ்சம் புள்ளைங்க அழுதுகினு கீதுங்க. ஓரமா, குல்லா காதுவரைக்கும் எறங்கிக் கெடக்க, என் துலுக்கானம். அழல. ஒதட்ட இறுக்கி மூடிகினு கீறான். அவன் பக்கத்துல அந்த வளையக்காரி முத்தம்மா. அவதான் கூட்டத்துல மாட்டிகினவனத் தூக்கியாந்து உட்டுகீறா, நல்லா இருக்கணும் அந்தத் தாயி.

என்னப் பாத்ததும் அவன், "அத்தை"ன்னு எழுந்தான். எனக்கு உசிரு திரும்பி வந்துது. ரெண்டு கையையும் நீட்டிகினு போனேன். பொலீஸ்காரரு குறுக்க தடிய நீட்டினாரு.

"இரும்மா. யாரு நீ? இவன் உன் புள்ளையா?"

அஞ்சு வருசமா பழகின வாயி. யோசிக்கறதுக்குள்ள சொல்லிடுச்சி. "இல்லீங்க ஐயா. பூந்தமல்லி பீபிம்மா புள்ள. நான் வளக்கறேன்."

"பையனும் அம்மா பேரு அஷ்ரஃபுன்னிசான்னுதான் சொல்றான். நீ யாரு அவங்களுக்கு?"

"தயிர் ஊத்தறேன்."

அவரு என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "தயிர் ஊத்தறவ கையில புள்ளையக் குடுத்து ஆர்பருக்கு அனுப்பினாங்களா?"ன்னாரு. முத்தம்மா வாயத் தொறந்தா. "ஐயா, கொஞ்சம் மிந்தி எங்கிட்டயும் தன் புள்ள இல்லன்னுதான் சொல்லுச்சி இந்தம்மா. சொல்லிட்டுக் கையயும் உட்டுச்சி, நான் என் கண்ணால பாத்தேன். யாரு புள்ளையோ, பாத்துக் குடுங்க"ன்னா. அவ மேல தப்பில்ல. அவ எடத்துல நான் கீந்தாலும் அப்டித்தான் சொல்லுவேன். ஆனா அந்த நேரத்துல அவ கூடையத் தூக்கிப் போட்டு ஒடைக்கலாமான்னு இருந்துது எனக்கு.

அப்பன்னு பாத்து ராணி, "அம்மா, தண்ணி"ன்னா. பொலீஸ்காரரு அவளப் பாத்தாரு, அவனப் பாத்தாரு.

"இது அம்மாங்குது, அது அத்தைங்குது. சரிதான். பூந்தமல்லிக்கு ஆளு சொல்லி அனுப்பறேன். பெத்தவங்க வந்து வாங்கிக்கட்டும். அதுவரைக்கும் பையன் எங்க பொறுப்பு."

பீபிம்மா எங்க வருவாங்க? கோஷாவுல கீறவங்க, படுதா இல்லாம தெருவத் தாண்டாதவங்க. சாயபு வேலூருக்குப் போயி திரும்பல. அதுவரைக்கும் என் புள்ள எங்க கீப்பான், யாரு கையில சோறு திம்பான்? எவனாவது வந்து நான்தான் மாமன்னா குடுத்துருவாங்களா? ஒரே ஒரு வார்த்தை. அதச் சொன்னா புள்ள எனக்குக் கெடப்பான். சொன்னா, மூணு பேரு போன வழியில இவனும் போயிடுவான். சொல்லாட்டி இங்கியே, என் கண்ணெதிர்ல, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போயிடுவான். அம்மா தாயே, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் புள்ளைய நானே கொல்லணுமான்னு மனசுக்குள்ள கதறினேன்.

பொலீஸ்காரரு அவன் தோள்ல கைய வெச்சி உள்பக்கம் தள்ளினாரு. அவன் திரும்பி என்னப் பாத்தான். ராணி வாயப் பாக்கற அதே பார்வை.

அவ்ளோதான், ராணிய எறக்கி உட்டேன். வரது வரட்டும், வந்தா என்னத் தூக்கிகினு போவட்டும்னு நெனச்சிகினு அவன் முன்னாடி முட்டி போட்டேன்.

"ஐயா, நான் சொன்னது பொய்யி. இவன நான்தான் பெத்தேன். இவன் எம்புள்..."

முடிக்கல. அவன் பாய்ஞ்சி வந்து என் வாயப் பொத்தினான். ரெண்டு கையாலயும், பல்லுல வெரலு இடிக்கறாப்புல. குல்லா கீழ உழுந்துது. அதுவரைக்கும் அழாத புள்ள, ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட அழறான். "சொல்லாத. சொல்லாத. அதுக்குக் கேட்டுடும். எனக்குத் தெரியும், நீ சொல்லாத"ங்கறான். நான் மூச்சு உட முடியாம அவனக் கட்டிகினேன். அப்பவும் கைய எடுக்கல.

முத்தம்மா கிட்ட வந்து குந்தி மெல்லக் கேட்டா. "தவிட்டுக்குக் குடுத்த புள்ளையா?"

வாயப் பொத்தியிருக்கான், எப்டி சொல்றது. தலைய ஆட்டினேன்.

"எத்தன போச்சி?"

வெரலக் காட்டினேன். அவ முந்தானையால மூஞ்சியத் தொடச்சிகினா. "ஐயா, எங்க ஊட்லயும் ஒண்ணு இப்டித்தான் வளருது, எங்க அண்ணிக்கு. இதுக்கு மேல அதுங்கள ஒண்ணும் கேக்காதீங்க. அனுப்பிடுங்க"ன்னா. பொலீஸ்காரரு கொஞ்ச நேரம் தடியத் தரையில தட்டிகினு கீந்தாரு. அப்பறம் குனிஞ்சி குல்லாவ எடுத்துத் தூசு தட்டி, அவன் தலையில வெச்சாரு. "கூட்டிகினு போம்மா, உன்... சரி, கூட்டிகினு போ"ன்னாரு.

எங்க ஊட்டுக்காரரு கப்பலு வாசலாண்டதான் கெடச்சாரு. எவனோ உள்ள உடாம தள்ளினதுல மேல்துண்டு கிழிஞ்சி, மண்ணுல குந்திகினு சின்னப்புள்ளையாட்டம் அழுதுகினு கீந்தாரு. துலுக்கானத்தப் பாத்ததும் வாரி எடுத்து மோந்து மோந்து பாத்தாரு. வெளக்கு சுத்தறதப் பாக்கணும்னு ஒருத்தரும் கேக்கல. நேரா ரயிலுக்கு வந்துட்டோம்.

வண்டி கெளம்பறப்ப பொழுது சாஞ்சிடுச்சி. ராணி அவரு தோள்ல தூங்கிட்டா. துலுக்கானம் என் மடியில. நான் அவன் நெத்தியத் தொடறேன், கழுத்தத் தொடறேன், சூடா கீதா, ஜாஸ்தியா கீதா. பாதி சொல்லிட்டேனே, பாதி சொன்னா கணக்கா, அவன் பொத்தினது மிந்தியா நான் சொன்னது மிந்தியான்னு அதையே திருப்பித் திருப்பி நெனச்சிகினு கீறேன். "சும்மா கெட அத்தை, கூச்சமா கீது"ன்னு என் கையத் தட்டி உட்டான்.

இரும்புப் பாலம் வந்துது. தடதடன்னு சத்தம் எழும்பினதும் அவன் சட்டுனு எழுந்து மடியில முட்டி போட்டு, என் கழுத்தக் கட்டிகினு காதுக்குள்ள வாய வெச்சான்.

"அம்மா"ன்னான். "காலையிலயும் இதத்தான் சொன்னேன். இங்க சொன்னா அதுக்குக் கேக்காது. நீதான சொன்ன."

நான் அவன இறுக்கிகினு அந்தச் சத்தத்துல அழுதேன், அதுவும் யாருக்கும் கேக்கல. பாலம் முடியறவரைக்கும் சொல்லிகினே கீந்தான். முடிஞ்சதும் கீழ எறங்கிக் குந்திகினு, பொட்டி பூரா கேக்கறாப்புல, "அத்தை, பசிக்குது"ன்னான்.